விளக்குக்கு மேல் தட்டில் வைத்த மருந்து

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சாமியைக் குறை சொல்கிறேன் என்று யாராவது நினைத்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்று. நடந்ததெல்லாம் என் கையாலேயே நடந்தது என்ற வெட்கம் இன்னொன்று. நான் பத்தாவது வரை படித்தவன், தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. என் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டது. அவளுக்குக் கண் மங்கல் என்பதால் காலையும் இரவும் நான்தான் போட்டுவிடுவேன்.

மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று சந்து முனை மருந்துக் கடைக்காரர் முதல் நாளே சொன்னார். அப்படித்தான் வைத்திருந்தேன். சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் ஃப்ரிட்ஜ் முழுக்க மாவுத் தூக்குகள் ஆகிவிட்டன.

"ஏங்க, ஊர் சாப்பிடுற மாவு இருக்கிற எடத்துல ஊசியா? எவனாவது பாத்தா நாளைக்கு வாங்க வருவானா?" என்றாள்.

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. அப்போதுதான் அவளுக்காக ஒரு மண்டலம் அணையா விளக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு நாள். எங்கள் பூஜை அலமாரி சின்னது, மரத்தால் ஆனது, முன்னால் கண்ணாடிக் கதவு. ஃபேன் காற்றில் விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று கதவை முக்கால்வாசி சாத்தியே வைத்திருப்பேன். விளக்குக்கு மேல் தட்டில், பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி மருந்து மூன்றையும் ஒரு பித்தளைச் சம்புடத்தில் போட்டு வைத்தேன். சாமி பார்வையிலேயே இருக்கட்டும் என்றுதான்.

அவள் சிரித்தாள். "சக்கரைப் பொங்கல் வைக்கிற எடத்துலயே சக்கரை மருந்தா? சாமியே கொழம்பிடுவாரு."

பத்து நாளில் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "ஊசி ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டார். "ஒரு வேளை தப்பல டாக்டர்" என்றேன். பொய் இல்லை. ஊசி மருந்தின் அளவை, யூனிட்டைக் கூட்டினார். மறுபடி ஏறியது. மறுபடி கூட்டினார். நான் வீட்டுக்கு வந்து இரண்டாவது விளக்கு ஒன்றையும் ஏற்றினேன்.

இந்த வரியை எழுதும்போது இப்போதும் கை நின்றுவிடுகிறது.

மண்டலம் முடிய இன்னும் பத்து நாள். காலையில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. கிட்டே போனேன். என்னைப் பார்த்து "அண்ணா, எப்ப வந்தே?" என்றாள். அவள் அண்ணன் செத்துப் பல வருஷம் ஆயிற்று.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்த நர்ஸ் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பரே காட்டலைங்க. அவ்ளோ ஏறிப் போயிருக்கு." அங்கே இருந்த லேடி டாக்டர் பழைய டாக்டர் எழுதிய சீட்டைப் படித்துவிட்டு, "இத்தனை யூனிட் போட்டும் இப்படியா? போட்ட மருந்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. போலி மருந்து. வீட்டுக்கு ஓடி, சம்புடத்தோடு எடுத்துக்கொண்டு, சந்து முனையில் இருந்த மருந்துக் கடையில் போய் நின்று கத்தினேன். நாலைந்து பேர் மருந்து வாங்க நின்றிருந்தார்கள்.

"டூப்ளிகேட் விக்கிறியா? என் பொண்டாட்டி உசுருக்குப் போராடிட்டிருக்கா! கோயில் பக்கத்துல கடை வெச்சுக்கிட்டு உனக்கு மனசாட்சி இல்ல?"

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கையை நீட்டினார். சம்புடத்தைத் திறந்து ஒன்றை எடுத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, இட்லி குண்டான்லருந்து எடுத்துகினு வந்த மாரி சூடா கீது? எங்க வெச்சிருந்த?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கே வைத்திருந்தேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"போச்சு போ. மருந்துன்னா உள்ள அது பாட்டுக்கு மாறிகினே இருக்கும் நைனா. குளிர்ல வெச்சா மெதுவா மாறும். சூட்டுல வெச்சா கடகடன்னு மாறிப் பூடும். பாக்க மாறாது, அதே தண்ணிதான். உள்ள சத்து பூட்டுருக்கும். ஏன், உங்க வூட்டு மாவு எப்டி புளிக்குது? அந்த மாரிதான்."

மார்கழியில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் மாவு பொங்காது. பாத்திரத்துக்குச் சாக்கைச் சுற்றி வைப்போம். கத்திரி வெயிலில் மூன்று மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும், ஃப்ரிட்ஜுக்கு ஓடுவோம். சூடு ஏறினால் உள்ளே நடக்கிற வேலைக்கு வேகம் ஏறும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அப்படி இருந்தும் மாவைக் குளிரில் வைத்தேன், அவள் உயிரைச் சூட்டில் வைத்தேன். முப்பத்தெட்டு நாள் அவள் உடம்பில் நான் ஏற்றியது நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருந்த மருந்து.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது ஆட்டோவில் ஒரு எண்ணம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். மருந்து தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் ஒழுங்காக வைத்தால் போதாதா?

அவளைப் பார்த்தேன். மூக்கில் குழாய், கையில் குழாய். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரண்டாவது விளக்கு உட்பட.

அவர் என்னைத் திட்டவில்லை. சீட்டில் ஏறியிருந்த யூனிட்டைப் பேனாவால் அடித்தார். "சொன்னீங்களே, அதுவே பெரிசு. இதே அளவை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நல்ல மருந்துல இவ்வளவு போட்டிருந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கி, தூங்கறாங்கன்னு நீங்க நினைச்சிட்டிருப்பீங்க..." நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோவில் நினைத்த அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் என் கையாலேயே அவளை இரண்டாம் தடவை கொன்றிருப்பேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அவளிடமும் சொன்னேன். "ஃப்ரிட்ஜ்ல வேணாம்னு சொன்னவ நான்தானேங்க" என்றாள். அப்புறம், "ஆனா ரெண்டாவது விளக்கு ஏத்தினது நீங்கதான்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

இன்றைக்கும் அவள் இருக்கிறாள். இன்றைக்கும் விளக்கு ஏற்றுகிறேன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கோயிலில் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றுகிறது. அணையா விளக்கு உயிரைக் காப்பாற்றியது என்று ஒருத்தர் சொல்கிறார். வேண்டுதலில் ஏதோ குறை, சாமி சோதித்துவிட்டார் என்று இன்னொருத்தர். இரண்டும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் இருந்தால், நடந்ததை அவரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். மருந்தைச் சூட்டில் வைத்தான், அது கெட்டது, அவ்வளவுதான். பக்தியோடு வைத்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் யாரும் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.