ஊரைச் சொல்லாத மாப்பிள்ளை

தாராவியில் கல்யாணத் தரகி இசக்கியம்மாள் முடித்து வைத்த ஜோடிகளை எல்லாம் தொண்ணூறு அடி சாலையிலிருந்து கைகோத்து நிற்க வைத்தால், வரிசை சயானைத் தாண்டி, தானாவைத் தாண்டி, கல்யாண் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய்த்தான் முடியும். ஓரிரண்டு ஜோடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். ஆனாலும் கையை விடாது. அவள் சேர்த்த கை அப்படி.

அவளுடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் அளப்பதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு, மாப்பிள்ளை சூடான டீயை வாய்க்குக் கொண்டுபோகும்போதோ, செருப்பு மாட்ட ஒற்றைக் காலில் நிற்கும்போதோ, சட்டென்று ஒரு கேள்வியைப் போடுவாள். டோம்பிவிலியில் சொந்த ஃபிளாட் இருக்கிறது என்று வந்த ஒருவன் வாய் நிறைய லட்டு வைத்திருந்த நேரத்தில், "தம்பி, வீட்ல தண்ணி எப்ப வரும்?" என்றாள். "எங்க மான்குர்த்துல விடியக்காலையிலயே வந்துரும்" என்றான் அவன். லட்டும் நின்றது, சம்பந்தமும் நின்றது.

இப்பேர்ப்பட்டவளுக்கு இந்த ஆண்டு வாய்த்த வரன் மனித இனமே இல்லை.

அவளுடைய மருமகள் ஜான்சி, ஏணி வைத்து ஏறும் மேல்தட்டில் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டர்களைச் சீராக்கி விற்கிறவள். மான்குர்த்தில் ஞாயிற்றுக்கிழமை திறக்க இருந்த ஒரு படிப்பகம், தனக்கு வேண்டிய கம்ப்யூட்டர்களை அவளிடம் சொல்லியிருந்தது. இலவச மென்பொருள், பாட வீடியோக்கள், கலைக்களஞ்சியம் எல்லாம் ஏற்றித் தரவேண்டும். சொன்னபடி தந்தால் மற்ற படிப்பகங்களும் அவளைத் தேடி வரும். தெருவைப் பார்த்த ஒரு கடை போட்டுவிடலாம். தராவிட்டால் வேலை கல்யாணில் ஒரு பெரிய கடைக்குப் போய்விடும். ஜான்சி ஆயுசுக்கும் ஏணி ஏறவேண்டியதுதான்.

அத்தனை பெரிய சரக்கைத் தயாரித்தவர்களே அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று டோரண்ட்டில் விட்டிருந்தார்கள். கோயில் கொடைக்கு வீட்டுக்கொரு கைப்பிடி அரிசி சேர்ப்பது போல, உலகத்தில் பலருடைய கம்ப்யூட்டரிலிருந்து துண்டு துண்டாக வந்து சேரும் வழி அது. ஆனால் அந்தச் சந்துக்கே இன்டர்நெட் லைன் கொடுக்கும் பூதத்தானுக்கு டோரண்ட் என்றாலே திருட்டுப் படம்தான். ஜான்சி இறக்கப் பார்த்த இரண்டு தடவையும் லைனின் வேகத்தை நெருக்கிவிட்டு, வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"அக்கா, ஒங்க மருமவகிட்ட சொல்லி வையிங்க. இன்னொரு தடவ டோரண்ட் கண்ல பட்டுது, லைன் பந்த்."

"அது திருட்டு இல்லல. படிக்கிற சாமான்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுதாவ."

அவன் போனதும் ஜான்சி ஏணியில் பாதி இறங்கி உட்கார்ந்தாள்.

"அத்தே, வி.பி.என்.னு ஒண்ணு இருக்கு. அது வழியாப் போனா உள்ள என்ன போவுதுன்னு இவருக்குத் தெரியாது. நம்ம ஊரும் வெளிய தெரியாது."

"கறுப்புக் கண்ணாடி போட்ட காருன்னு சொல்லு."

"அதேதான். ஆனா கடையில நூறு இருக்கு. எது நல்லது, எது நம்ம கைக்கு அடக்கம்னு தெரியல. ஒரு நொடி கண்ணாடி இறங்கினாலும் இவரு பாத்துருவாரு. அதோட நம்ம கத காலி."

இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நூறு வரனா? இத ஏன்ளா இத்தன நாளாச் சொல்லல? ஒவ்வொருத்தனாக் கூப்பிடு."

முதலில் வந்தது, சும்மாவே தருகிறேன் என்றது.

"வரதட்சண வேண்டாங்கான், நகை வேண்டாங்கான், சாப்பாடும் அவனே போடுதான். அப்ப அவன் எதத் தின்னு பொழைக்கான்?"

ஜான்சி விதிமுறைகளைத் துழாவினாள். நாம் இன்டர்நெட்டில் எங்கெங்கே போகிறோம் என்பதை விளம்பரக்காரர்களுக்கு விற்றுத்தான் பிழைக்கிறானாம். டோரண்ட்டும் கூடாதாம். வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தவன் ஆடம்பரக்காரன். திறந்த பக்கமெல்லாம் அவன் விளம்பரம். நாட்டுக்கு நாடு எனக்கு வாசல் உண்டு என்றான்.

"அத்தன வாசல் நமக்கெதுக்குளா? டோரண்ட்டுக்கு வழிவிடுத ஒரு வாசல் போதும். வெலையச் சொல்லு."

"ரெண்டு வருசத்துக்குச் சேத்துக் கட்டினா மலிவு, அத்தே. அதுக்கப்புறம் டபுள்."

"நிச்சயத்துக்குச் சிரிச்சுட்டு மறுவீட்டுக்குக் கார் கேக்குதவன். போவச் சொல்லு."

மூன்றாவதைப் பார்த்ததும் ஜான்சிக்கே ஆசை வந்துவிட்டது. விலை கொள்ளை மலிவு. 'சிறந்த பத்து' என்று பட்டியல் போட்டிருந்த ஒரு தளம் அவனுக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தது.

"இந்தப் பட்டியல் போடுதவனுக்கு யாரு துட்டு குடுக்கா?"

"நம்ம அது வழியா வாங்கினா கமிஷன் போவும்."

"அப்ப அவன் தரகன். நானும் தரகிதாம்ளா! தரகு பேசுதவ வாயால மாப்பிள்ளைக்குக் கொற வருமா? கட்டிட்டு அத்துட்டு வந்தவங்க என்ன சொல்லுதாங்கன்னு பாரு."

பார்த்தாள். அழாத குறையாக எழுதி வைத்திருந்தார்கள். கூடவே, பட்டியல் போட்ட தளமும் அந்தக் கம்பெனியும் ஒரே முதலாளியுடையவை என்றும் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுத்தது மாப்பிள்ளையின் சொந்த அண்ணன்! ஆனாலும் சோதிக்காமல் யாரையும் தள்ளுகிற வழக்கம் இசக்கியம்மாளுக்கு இல்லை. சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்பதால், பூதத்தான் லைனைத் தொடாமல் ஜான்சியின் செல்போனிலேயே, அதன் நெட்டில் போட்டுப் பார்த்தார்கள். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு. திறந்தால் நீ எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று சொல்லும். அது 'ஆம்ஸ்டர்டாம்' என்றது.

"அசந்த நேரத்துல கேளு" என்றாள் இசக்கியம்மாள். "நெட்டப் படக்குன்னு அத்துட்டு, படக்குன்னு போடு."

ஜான்சி அப்படியே செய்தாள். 'மும்பை' என்றது பக்கம்.

"லட்டு!" என்று தொடையைத் தட்டினாள் மாமியார்.

நான்காவது அதிகம் பேசாத ஆள். விலை, மாதம் கொஞ்ச நாள் அரை டம்ளர் கட்டிங் சாயைக் குறைத்தால் சமாளிக்கும் அளவு. டோரண்ட்டுக்குத் தடையில்லை. யார் எங்கே போனார்கள் என்று எழுதி வைப்பதில்லை என்றான். வெளியாட்களும் வந்து சோதித்து அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நெட்டை அறுத்தாள் ஜான்சி, மறுபடி போட்டாள். பக்கம் வெறுமையாக நின்றது. மூச்சில்லை. தடுக்கி விழுந்தவன் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்ட பிறகு பேசுவது போல, நிதானமாக 'ஆம்ஸ்டர்டாம்' என்றது.

"பாத்தியா? கண்ணாடி ஒடஞ்சா வண்டியே நின்னுருது, ஆனா ஆளக் காட்டல. இவன்தான் மாப்பிள்ள!"

வெள்ளிக்கிழமை மத்தியானம், சந்து முழுக்க வேலைக்குப் போயிருந்த நேரம். ஜான்சி பெரிய கம்ப்யூட்டரில் வி.பி.என்.னையும் டோரண்ட்டையும் போட்டு, பூதத்தானின் ஒயரைச் சொருகப் போனாள்.

"நில்லுளா. நான் தாலி எடுத்துக் கொடுக்கும் முன்ன இன்னொரு தடவ கேக்காம விட்டதில்ல. கேளு."

"அதான் கேட்டாச்சே, அத்தே!"

"அது போன்ல. இது மணமேடை."

முணுமுணுத்துக்கொண்டே ஜான்சி கம்ப்யூட்டரைச் செல்போன் நெட்டில் கோத்து, ஒரு தடவை அறுத்துப் போட்டாள். 'மும்பை' என்றது பக்கம். ஜான்சி ஒயரைக் கீழே போட்டுவிட்டு வி.பி.என்.னைத் திறந்து பார்த்தாள். இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தானைப் போனில் அவள் போட்டிருந்தாள், இங்கே போடவில்லை. அந்த ஒயரை மட்டும் சொருகியிருந்தால்!

பொத்தானைப் போட்டாள். மறுபடி கேட்டாள். மௌனம். பிறகு 'ஆம்ஸ்டர்டாம்.'

ஒயர் ஏறியது. சரக்கு கொட்டத் தொடங்கியது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி நதி மழைக்காலத்தில் புரண்டு வருவதைப் பார்த்தவர்கள்கூட அப்படியொரு வெள்ளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேல்தட்டுப் பலகையே அதிர்ந்ததாக இசக்கியம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

சாயங்காலத்துக்கு முன்னே பூதத்தான் வந்து நின்றான்.

"அக்கா, ஒங்க லைன்ல என்னமோ போவுது. என்னன்னு தெரியல. நெதர்லாண்ட்ஸ்னு காட்டுது."

"அங்க ஒரு வரன் பாத்திருக்கேம்ல. மணிக்கணக்காப் பேச்சு நடக்கு. டீ குடி."

பூதத்தானுக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் பெண் அமையவில்லை. தயங்கித் தயங்கி, "அங்க பொண்ணு இருந்தாலும் சொல்லுங்க, அக்கா" என்று டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

"டோரண்ட்ட மட்டும் ஏம்ல இந்த நெருக்கு நெருக்குத?"

"பத்து வீட்டு லைன நாப்பது வீட்டுக்குப் பிரிச்சிருக்கேம்லா, தாங்..." சொன்ன பிறகுதான் நாக்கும் சுட்டது.

மேல்தட்டிலிருந்து ஜான்சி சிரித்த சிரிப்பு பக்கத்துச் சந்துக்குக் கேட்டது.

"நாளையிலருந்து நேரா லைனக் குடு" என்றாள் இசக்கியம்மாள். "பொண்ணு நான் பாக்கேன். இப்பிடி ஒளறுத மாப்பிள்ளைக்கு எவ கெடைப்பாளோ!"

ஞாயிற்றுக்கிழமை மான்குர்த் படிப்பகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுபோல் விழித்துக்கொண்டன. நிர்வாகி அங்கேயே வேறு இரண்டு படிப்பகங்களின் பெயரைச் சொல்லி, அவற்றுக்கும் முன்பணம் கொடுத்தார். இசக்கியம்மாள் ஒரு லட்டை எடுத்து மருமகள் வாயில் முழுசாகத் திணித்தாள்.

"ஏளா, கடைக்கு எடம் எங்க பாத்து வச்சிருக்க?"

வாய் நிறைய லட்டோடு ஜான்சி உளறிவிட்டாள்: "தொண்ணூறு அடி சாலையிலேயே, அத்தே!"