மத்தியானத்தில் தூங்கும் இணையதளம்

தமிழில் தட்டச்சு செய்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை, ஓய்வு நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் எழுதிவந்தோம். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. தோழி கடலூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்தவள். எங்கள் இணையதளம் அவள் வீட்டுப் பழைய கணினியிலிருந்துதான் ஓடியது.

ஒருநாள் மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "உங்கள் தளம் தினமும் மத்தியானம் தூங்கப் போய்விடுமா?"

காரணம் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடலூர் போனேன். மீன் விற்றுவிட்டு வந்த அவள் அம்மா சாப்பிட்டு முடித்தார். நேரே போய்க் கணினியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாயை விரித்தார்.

"எம்மா! அதுலதாம்மா எங்க வெப்சைட்டே ஓடுது!"

"நான் எழுந்திரிச்சப்புறம் ஓடட்டும். கொர்ருனு ஜாஸ்தி சத்தம் போடுதுடி. கண்ணு அசர வேணாமா?"

சிரித்துக்கொண்டே நாங்கள் கடற்கரைக்குப் போய், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். வெயிலில் கடல் வெளுத்துக் கிடந்தது. தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், எங்களைப் போன்றவர்களுக்குத் தங்கள் கணினிகளில் இலவசமாக இடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு மனசு வரவில்லை.

"யாராச்சும் நம்ம சைட்டத் தொறந்தா அந்தப் பொட்டியில பச்ச லைட்டு மினுக்கும்லக்கா. எங்கேந்தோ யாரோ நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

எனக்கும் கண் லேசாகச் செருகியது. கடலைத் தாண்டி வந்த யாரோ ஈரக்காலோடு அவள் வீட்டு வாசலில் தயங்கி நிற்பதுபோலவும், அம்மா தூங்குவதைப் பார்த்து ஓசையில்லாமல் திரும்பிப் போவதுபோலவும் தோன்றியது. அந்த ஆளிடம் நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அலைச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மென்பொருளுக்கு, செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பழையது அழியாமல் சேர்த்துவைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் வைத்திருந்த நாங்கள், தளத்தின் பக்கங்களை மட்டும் போனில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். என் திருத்தத்தின் மேல் அவள் திருத்தம் ஏறி உட்கார, பழையது காணாமல் போகும். இனி அந்தப் பக்கங்களும் மென்பொருளோடு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். யார், எதற்காக மாற்றினார்கள் என்பது பதிவாகும். ஒருத்தி செய்ததை மற்றவள் பார்த்து ஒப்புக்கொண்டால், தளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

"சரிக்கா, மாத்திடலாம்" என்றாள். "ஆனா ஒண்ணு. நாம ரெண்டு பேரு மட்டும் இல்ல, யாரா இருந்தாலும் திருத்தி அனுப்பலாம்னு வைங்க. அவுங்களும் வரட்டும்."

அந்த வாரமே தளம் இடம் மாறியது. வெகுநாள் எங்களைத் தவிர யாரும் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், நான் சிதம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவள் போன் செய்தாள்.

"அக்கா, பார்த்தீங்களா? மங்கலம்பேட்டைலேந்து ஒருத்தவுங்க திருத்தம் அனுப்பியிருக்காங்க! இன்ஸ்டால் பண்றதுல ஒரு படிய நாம எழுதவே இல்லியாம்."

அங்கேயே திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. விட்டுப்போன அந்த வரியை எங்களைவிடத் தெளிவாக எழுதியிருந்தார். ஏற்றுக்கொண்டேன். முன்பின் பார்த்திராத ஒருவரின் வரி எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தபடி ரயிலில் ஏறினேன்.