பிலோமிக்குக் கொடுக்காத எண்ணெய்

ஒரு குழந்தையின் வலக்கண் என்னால் போயிற்று. அம்மையால் என்று ஊர் சொல்கிறது, விதியால் என்று அவள் தாய் சொல்கிறாள். இல்லை... என்னால்!

பன்னிரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. நீங்கள் முகம் தெரியாதவர். அதனால்தான் வாய் திறக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு ராயபுரம் வந்தவள். கணவருக்குக் கல்மண்டபத்தில் கருப்பட்டி மண்டி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மண்டிக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பானேன் என்று, மீனவக் குப்பத்தை ஒட்டிச் சில நல்ல மனிதர்கள் நடத்திய பால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். யுத்தம் முடிந்து, அரிசி இன்னும் ரேஷனில் கிடந்த காலம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு குவளை பால், அதற்கு முன்னால் ஒரு கரண்டி சுறா மீன் எண்ணெய். பால் ஊற்றுவது இன்னொருத்தி. எண்ணெய் என் பொறுப்பு.

அந்த நாற்றத்தை நீங்கள் அறிய மாட்டீர்கள்! கரண்டியோடு நான் வாசலில் நின்றால் போதும், பிள்ளைகள் தாயின் சேலைக்குள் புகுந்துகொள்ளும். மூக்கைப் பிடித்து ஊற்றுவேன். பிள்ளை முகம் பார்க்க ஆசைப்பட்டுப் போனவளைக் கண்டு குப்பத்துப் பிள்ளைகளெல்லாம் ஓட்டம் பிடித்தால்... சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அழுகைதான் வந்தது.

அங்கேதான் பிலோமி வந்தாள். கட்டுமரக்காரர் ஒருவரின் மகள், இரண்டரை வயது, செம்பட்டை முடி, குச்சிக் கால்கள். முதல் நாள் எண்ணெயை என் மேலேயே கக்கிவிட்டு விக்கி விக்கி அழுதாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அவள் வாயில் வைத்தேன். அழுகை நின்றது. கண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் அவள் ஓடவில்லை. என்னை நோக்கி ஓடி வந்தாள்! மடியில் ஏறி உட்கார்ந்து, முந்தானை முடிச்சைத் தானே அவிழ்த்து, "கப்பட்டி!" என்றாள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். என் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி விளையாடுவாள். பாலைக் குடித்த வாயோடு என் கன்னத்தில் முத்தம் வைப்பாள்.

அவளுக்கு நான் எப்படி அந்தக் கரண்டியை நீட்டுவேன்?

நீட்டவில்லை. கருப்பட்டி கொடுத்தேன். அவள் தாய் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு மீன் விற்கப் போய்விடுவாள். ஏட்டில் அவள் பெயருக்கு நேரே எண்ணெய் கொடுத்ததாகத் தினமும் ஒரு கோடு போட்டேன். ஒரு நாள், ஒரு வாரம்... ஓராண்டு! எண்ணெய் கண்ணுக்கு நல்லது என்று நிலையத்துக்கு வரும் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி குறைந்தால் குடி முழுகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட என்னை நீங்கள் மன்னிக்கக்கூடும். ஒரு நாள் அவள் தாய் அந்தோணியம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னான்னு தெரியலக்கா, பொயுது சாஞ்சா பொண்ணு தட்டுக்கினு தட்டுக்கினு வியுது. மாலைக்கண்ணா இருக்கும், சொறா ஈரல வதக்கிக் குடுன்றாங்க குப்பத்துல. ஈரல இவங்கப்பன் எண்ணெ காச்சறவனுக்குப் போட்டுட்றான். ஒரு துண்டு எடுத்து வெச்சு குட்க்கட்டா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'குடு தாயி, இன்னைக்கே குடு' என்றாவது சொல்லியிருக்கலாம்! என் பொய் ஏட்டில் வரிசை வரிசையாக நின்றது. வாய் தானாகப் பேசியது.

"வேண்டாம்மா. நான்தான் இங்கன தினமும் எண்ணெய் குடுக்கேன்லா? ரெண்டும் சேந்தா வயித்துக்கு ஆகாது."

"நீ சொன்னா சரிக்கா" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டில் இருந்த மருந்தையும் தடுத்தவள் நான். இதற்கு எந்த ஆசையைக் காரணம் சொல்வேன்?

அந்தக் கோடையில் குப்பத்தில் தட்டம்மை வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து இறங்கியது. பிலோமிக்கு மட்டும் கண்கள் வறண்டு, வெளிச்சம் பொறுக்காமல் மூடிக்கொண்டன. திறந்தபோது வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது. டாக்டரம்மா ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒரு நாள்கூடத் தவறவில்லையே... பிறகு எப்படி?" என்றார். நான் ஏட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு ஊற்றினேன். அவர் சொன்ன அளவில், அவள் வீட்டுக்கே போய், வேளை தவறாமல். கதறினாள், கடித்தாள், விடவில்லை. இடக்கண் தப்பியது. அந்தோணியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதா கோயிலில் என் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, கிள்ளிய கைக்கு முத்தம் கிடைத்ததைக் கேட்டிருக்கிறீர்களா?

பிலோமிக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். இன்றும் மண்டிக்கு வந்தால் என் தோளில் சாய்ந்துகொள்வாள், முந்தானையைத் தடவிப் பார்ப்பாள். அவளைக் கண்டால் எனக்கு இன்றும் உயிர் குளிர்கிறது. அதுதான் வெட்கம்!

போன மாதம் தன் கடைசித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தாயோடு நிலையத்துக்கு வந்தாள். ஒரு வயதுக் குழந்தை. கரண்டியைக் கண்டதும் அது உதட்டை இறுக்கிக்கொண்டது.

"பாவம்க்கா, அயுவுது. வுட்டுரு" என்றாள் பிலோமி. "கண்ணு போறதுக்கு முன்ன இங்க எனுக்கு எங்க எண்ணெ குட்த்த நீ? கருப்பட்டிதானே குட்த்த! அத மாரி இவனுக்கும் குடு."

அந்தோணியம்மா சிரித்தாள்.

"போடி இவளே! உனுக்கு இன்னா தெரியும்? அக்கா அப்பவே தெனமும் குட்த்த எண்ணெயிலதான் உனுக்கு அந்த ஒரு கண்ணாவது நிக்கிது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகள் சொன்னதுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை!

சொல்லவில்லை. குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெயை ஊற்றினேன். அது வீரிட்டு அழுதது. பிலோமி தாவணியால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, "நான்தான் மாத்தி நெனச்சிக்கினு இருந்தேன் போல" என்றாள்.

அவள் கண்ணைத்தான் முன்பு எடுத்தேன். அன்று அவளுடைய நினைவையும் பொய்யாக்கிவிட்டேன். நாளை காலையும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள். வாசலில் நின்று அவளைத் தேடிக்கொண்டிருப்பேன்.