கூறைச் சேலையில் இறங்கிய மார்க்கர் மை

எங்கள் அண்ணிக்கு அந்த மார்க்கர் பேனா கிடைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பம்பாய் போய் வந்த டிரைவர் ஒருவர், "மழை பேஞ்சாலும் அழியாதுங்க" என்று சொல்லி, பலகையில் அளவு குறிக்க அதை அண்ணனுக்குக் கொடுத்தார். பட்டறையில் அது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அண்ணி கைக்குப் போய்விட்டது.

அதன் பிறகு வீட்டில் பேர் எழுதப்படாமல் தப்பித்தது நாங்கள் மட்டும்தான். மிளகாய்த்தூள் டப்பா, விதைக்கடலை டின், ஃபியூஸ் கட்டை, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்று எங்கு பார்த்தாலும் அண்ணியின் குண்டு குண்டான எழுத்து. விசேஷத்துக்கு இரவல் போகும் அண்டா, குண்டாவின் அடியிலெல்லாம் இனிஷியல். முன்பு ஒரு கல்யாணம் முடிந்தால் பாத்திரச் சண்டை ஓய மாதக்கணக்காகும். அதற்கு அண்ணி ஒரே பேனாவில் முடிவு கட்டினார்.

எழுதுவது யாருக்கும் வரும். அழிப்பதில்தான் அண்ணி கெட்டிக்காரி. எவர்சில்வரில் பட்ட மைக்கு ஸ்பிரிட். கையில் பட்டதற்குத் தேங்காய் எண்ணெய். பிளாஸ்டிக் குடத்தில் பட்டால், காய்ந்த கறை மேலேயே அதே பேனாவால் மறுபடி கிறுக்கி, ஈரம் காய்வதற்குள் துடைப்பார். பழையதும் சேர்ந்து வந்துவிடும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

என் கல்யாணத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி எடுத்தோம். கடைக்காரர் எல்லாச் சேலையையும் ஒரே மாதிரி மஞ்சப்பைகளில் போட்டுக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், என் அக்கா கூறைச் சேலையை வெளியே எடுத்து, முனைகளில் மஞ்சள் தடவி, காகிதம் சுற்றாமலே திரும்பப் பையில் வைத்தார். மற்றதோடு கலந்துவிடக் கூடாதே என்று அண்ணியின் மார்க்கரை வாங்கிப் பையின் மேல் 'கூறை' என்று எழுதினார். பளிச்சென்று தெரியட்டும் என்று எழுதின மேலேயே மறுபடியும் எழுதினார். பையோ பருத்தித் துணி. மை உள்ளே இறங்கி, குங்குமச் சிவப்புப் பட்டில், முந்தி முனையை ஒட்டிக் கறுப்பாக உட்கார்ந்துகொண்டது.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். காரணம் சேலையின் விலை அல்ல. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் உண்டு. கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையைக் கூடப்பிறந்தவள் பிடித்தபடி பக்கத்தில் இருக்க வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகியும் குழந்தை இல்லை. வேறு யாரையாவது உட்கார வைக்கலாமே என்று எங்கள் பெரியம்மா ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். அக்காதான் என்று மாப்பிள்ளையான நான் ஒற்றைக்காலில் நின்றிருந்தேன். இந்தக் கறை மட்டும் பெரியம்மா கண்ணில் பட்டால் அபசகுனம் என்று சொல்லி அக்காவை எழுப்பிவிடுவார்கள்.

அண்ணன் பட்டறையிலிருந்து, பெயிண்ட் கரைக்கும் தின்னர் டின்னோடு ஓடி வந்தார். "இத ஊத்துனா ஒரே நிமிசத்துல போயிரும்."

"ஏனுங்க, மை மட்டுமா போகும்? சேலைச் செவப்பும் சேந்து போயிருமுங்க. அக்கட்டால கொண்டு போங்க" என்றார் அண்ணி. பிறகு அக்காவிடம், "நங்கையா, அழுவாதீங்க. கண்ணுத்தண்ணி பட்டா அது வேற கறை" என்றார். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் உள்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து, சாயம் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. கறைக்கு அடியில் வெள்ளை வேட்டித் துணியை மடித்து வைத்து, சேலையின் மறுபக்கத்திலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றினார். தேய்க்கவே இல்லை. அடித்துணி கறுக்கக் கறுக்க அதை நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மை போய்விட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கல் மிஞ்சியது.

அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். "ஊட்டுக்குள்ள என்ன ஆசுபத்திரி வாசம் அடிக்குது?"

"மாப்பிள்ளை சவரம் பண்றப்ப தாடைய வெட்டிக்கிட்டாருங்க. ஸ்பிரிட் வெச்சுவுட்டேன்" என்றார் அண்ணி, கண்ணை இமைக்காமல். அதனால் என் கல்யாணப் படம் எல்லாவற்றிலும், காயமே இல்லாத தாடையில் பிளாஸ்திரியோடு நிற்கிறேன்.

மறுநாள் இணைச்சீரில் சேலையை எடுத்துக் கொடுத்தவரும் அண்ணிதான். "இந்த எடத்தப் புடிச்சுக்குங்க, நங்கையா" என்று மெதுவாகச் சொல்லி, மங்கல் இருந்த முனையை அக்காவின் உள்ளங்கைக்குள் வைத்தார். பெரியம்மா எதிரிலேயே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விரல்களை மூடிக்கொண்டார். சீர் முடிந்து, சேலையைப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டபோதும் அந்தக் கை திறக்கவில்லை. அண்ணிதான் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.