சத்தப் பெட்டியும் மாமாவின் காதும்

திண்டிவனம் மேம்பாலத்தில் ஏதாவது ஒரு வண்டி, எங்கும் திரும்பாமலேயே இண்டிகேட்டரைக் கீக் கீக்கென்று அலறவிட்டுக்கொண்டு போனால் எனக்கு மாமா ஞாபகம் வந்துவிடும். என் அம்மாவின் தம்பி. மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, எதுவானாலும் எங்கள் பக்கம் அவர் பெட்டிதான் பாடும். வண்டியில் ஒருமுறை இண்டிகேட்டரைப் போட்டாரென்றால் வீடு வந்து சேரும்வரை அணைக்க மாட்டார். மறதி என்பார் அம்மா. எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. தெருவுக்கே கேட்கிற சத்தம் ஓட்டுகிறவருக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

அப்போது நான் பொம்மையார்பாளையம் கரையில் ஒரு மீன் பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் கொடுவா வளர்த்தார்கள். டால்பினை அங்கே ஓங்கல் என்பார்கள். ஓங்கல்கள் வந்து கூண்டு வலையைக் கிழிக்கின்றன என்று, தண்ணீருக்குள் கத்தும் ஒரு சத்தப் பெட்டியை மேனேஜர் வாங்கி இறக்கினார். சத்தம் பொறுக்காமல் அவை ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பெட்டியைப் பார்த்துக்கொள்ள மாமாவை நான்தான் சேர்த்துவிட்டேன். படகின் அடித்தளத்தில் காதை ஒட்டிவைத்தால் அது கத்துவது கேட்கும். மாமா காதை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், "பத்தல சார், ஏத்திடறேன்" என்பார். கொஞ்ச நாள் ஓங்கல்கள் தலைகாட்டவில்லை. பிறகு வந்தன. இவர் ஏற்ற ஏற்ற இன்னும் கிட்டத்தில் வந்தன. "பழகிடுச்சுங்க. தீனி இருக்கிற எடம்னு தெரிஞ்சிக்கிச்சு. இன்னும் ஏத்துங்க" என்றார் மேனேஜர்.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். விற்றவன் ஏமாற்றிவிட்டானா, மேனேஜர் மட்டமான சரக்கை வாங்கினாரா, மாமாதான் வேலை செய்யாமல் பாசாங்கு பண்ணுகிறாரா? ஒருநாள் நானும் படகில் ஏறிக்கொண்டேன். மாமா காதை வைத்துவிட்டு, "சுத்தமா கேக்கல" என்று எழுந்தார். அதே இடத்தில் நான் குனிந்தேன். ஊசியை விட்டது போல ஒரு கீச்சுச் சத்தம். பல் கூசிப்போய்த் தலையைத் தூக்கிக்கொண்டேன். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்குது. பெரியவரு சொல்றாரேன்னு கம்முனு இருந்தேன்" என்றார் படகோட்டி. அந்த நேரம் பார்த்து ஓர் ஓங்கல், பெட்டி தொங்கிய கயிற்றை உரசிக்கொண்டு நிதானமாகப் போயிற்று. மாமா என் முகத்தைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காது கேட்காத மைக்செட்காரரை எந்த ஊரில் கூப்பிடுவார்கள்? ஆனால் நேராக மேனேஜரிடம் போய் நின்றார். "அது பழகல சார். மைக்செட் பாக்ஸு பக்கத்துலயே குந்திக்கினு, சத்தம் எனக்கும் பழகிடுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். பழகல, காது போயிடுச்சு. அதுங்களுக்கும் அப்படித்தான் ஆயிருக்கும். கேக்காம நான்தான் ஏத்திக்கினே போயிட்டேன். நிறுத்திடுங்க." மேனேஜர் சிரித்தார். "ஓங்கலு வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?" மாமாவை நிறுத்தினார், பெட்டியை நிறுத்தவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் திண்டிவனம் வந்துவிட்டது. அந்த ஆடியில் மாமாவின் பெட்டிகள் எந்தக் கோயிலிலும் பாடவில்லை. ஓங்கலுக்கு நிஜமாகவே காது போயிற்றா, தீனிக்காகச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் ஒன்று செத்துக் கரை ஒதுங்கியது. படகு மோதிவிட்டது என்றார் மேனேஜர். மோதியிருக்கலாம். மோட்டார் சத்தம் கேட்டு அது ஏன் விலகவில்லை என்று கேட்டேன். உன் கணக்கைப் பார் என்றார். இன்றுவரை நான் அந்தப் பதிலை நம்பவில்லை. மாமாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. "நானு பேசறவங்க உதட்டைப் பாத்து காலத்த ஓட்டிக்கினு இருந்தேன் பாப்பா. அதுக்கு வழி தெரியிறதே காதாலதானாமே. கலங்கல் தண்ணியில அது என்னத்தப் பாக்கும்?"

போன வாரம் மேம்பாலத்தில் அப்படி ஒரு வண்டி. ஓட்டியவருக்கு வயதானவர் முதுகு. அவர் ஒதுங்கவில்லை என்று பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். அப்போதும் ஒதுங்கவில்லை என்று இன்னும் அழுத்தினார்கள். நான் வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய், அவர் கண்ணில் படும்படி, விளக்கு மினுக்குவது போல விரல்களை விரித்து மூடிக் காட்டினேன். இண்டிகேட்டரை அணைத்துவிட்டுத் தலையாட்டினார். பின்னால் ஹாரன்கள் நிற்கவில்லை.