இரண்டாம் தட்டு

விலிமைனாவுக்குக் கை சும்மா இருக்காது. லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும் என்று அவள் என்றைக்கும் நம்பியதில்லை, இரண்டுமுறை அமுக்குவாள். ஃபிஜித் தலைநகர் சுவாவில், படகுக்காரர் சங்கத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரே திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பாள்.

"அந்தச் சக்கரம் தேயப்போவுது அக்கா," என்பான் பக்கத்து மேசை ஜோசேவா.

"உன் நாக்கே இன்னும் தேயல, இது தேயுமா?"

அன்று காலை காற்று திசை மாறிவிட்டது. கடலில் இருக்கும் படகுகளைக் கரைக்குக் கூப்பிட வேண்டும். தீவு தீவாகச் செய்தி போகும். போனதும் படகில் கட்டியிருக்கும் எச்சரிக்கைப் பெட்டி அலறும். கீழ்க் கட்டத்தில், செய்தி போய்ச் சேர்ந்த படகுக்காரர் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. கண்டாவுத் தீவுதான் கடைசி. அவள் தம்பி இலைசா அங்கேதான் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

தம்பி பெயர் மேலே ஓடிப்போய்விட்டதோ என்று சக்கரத்தை மேலே உருட்டினாள். பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. எதைத் தட்டினாலும் அசையவில்லை.

"நின்னுபோச்சு ஜோசேவா."

"நிக்கல அக்கா. நீ மேல உருட்டினதால பழைய இடத்தைக் காட்டுது. உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பொறு..."

பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அதற்குள், ஓடுவதை நிறுத்தும் கன்ட்ரோல்-சியைத் தட்டிவிட்டாள். முதல் தட்டில் திரை விடுபட்டுக் கீழே இறங்கியது. கண்டாவுப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண் அதைப் பார்த்துவிட்டது, விரல் பார்க்கவில்லை. இரண்டாம் தட்டு விழுந்தது. அனுப்பும் நிரலே செத்துப்போனது.

கடைசியாகப் போயிருந்த பெயர் இலைசா. பாவி மனசு முதலில் சந்தோஷம்தான் பட்டது.

"மறுபடி முதல் தீவுலேர்ந்துதான் போவும்," என்று ஜோசேவா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். விலிமைனா தம்பிக்குப் போன் போட்டாள்.

"பெட்டி அலறுச்சுக்கா. பக்கத்துலதான் இருந்தேன், கரையேறிட்டேன். ஆனா கூட வந்த டெவிட்டா ஆளுங்க படகெல்லாம் தூரத்துல இன்னும் வலை போட்டுக்கிட்டு இருக்கே. அவங்களுக்கு வரலியா?"

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். பெயர்கள் இன்னும் முதல் தீவிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

"அங்க போன் எடுக்காது. நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"போவாதடா. நான்தான்டா நிறுத்தினேன், நான்தான்..."

மறுமுனையில் மோட்டார் கிளம்பிவிட்டது.