மூன்று தரை போட்ட அக்கா

"செருப்பைக் கழட்டுங்க சார். ஷூவா? அதையும்தான். சாக்ஸ் மட்டும் எதுக்கு, அதுவும் வேண்டாம்."

தரை வாங்க வந்தவர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி விட்டத்தைப் பார்க்கிறார். அதற்குள் அக்கா, கண்ணாடி போல மின்னும் டைல்ஸின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். "இப்ப நடங்க." மனிதர் ஒரு எட்டு வைக்கிறார், சர்ரென்று வழுக்குகிறது, தயாராக நீட்டியிருந்த கையைப் பிடித்துக்கொள்கிறார். "கடையில நான் இருந்தேன், பிடிச்சேன். வீட்டுல யார் பிடிப்பா?" அந்தப் பளபளப்பு அத்தோடு காலி. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்கிறார், ஏனென்றால் அதுதான் கடையிலேயே விலை கூடிய டைல்ஸ்.

இந்தக் கடையில் பத்தொன்பது வருடம். பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'தரை அக்கா' என்றால் மேஸ்திரிகளிலிருந்து முதலாளியின் மாமனார் வரை கை காட்டுவார்கள். கொண்டையில் ஒரு பென்சில், இடுப்பில் ஒரு அளவு டேப். பேச ஆரம்பித்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "மார்பிள் பெரிய இடத்துப் பொண்ணு மாதிரிம்மா. லட்சணம்தான், ஆனா ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு பட்டா முகம் சுண்டிப்போகும். கிரானைட் மாமனாரு. அசைஞ்சு கொடுக்காது, குளிர்காலத்துல பக்கத்துலயே போக முடியாது. மரப்பலகை மாப்பிள்ளைங்க. பாக்க ஜம்முனு இருக்கும், தண்ணி பட்டா ஊதிப்போயிடும்." கேட்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுக்கு எது சரி என்று பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பார். அது ஒரு வியாதி என்று அவரே ஒத்துக்கொள்வார். கண் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இனிமே பார்வை திரும்பாதும்மா, இருக்கிறதும் கொஞ்ச நாள்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்காவின் பார்வை டாக்டரின் மேஜைக்கடியில் உடைந்திருந்த ஒரு மூலை டைல்ஸிலேயே நின்றது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, பாவம்.

டாக்டர் சொன்னது அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நாலு திசையும் போய்வந்த மனிதர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருப்பதே இல்லை. பாத்ரூமுக்கு அக்கா கையைப் பிடித்து அழைத்துப்போனால், "விடும்மா, பிரேக்டவுன் ஆன வண்டிய கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கிறியே" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அக்கா கடைக்குப் போகும்போது நிரப்பி வைக்கிற தண்ணீர் ஜாடி மட்டும் மத்தியானம் வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கும். தாகம் இல்லை என்றார். பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வருமே என்று குடிக்காமலே இருந்திருக்கிறார். அன்று அக்கா அடுப்படியில் நின்று அழுதுவிட்டார்.

அழுகை ஓய்ந்ததும் மூளை வேலை செய்தது. கண் போனால் என்ன, கால் இருக்கிறதே! ஹாலுக்கு வழவழப்பு, படுக்கையறைக்குச் சொரசொரப்பு, பாத்ரூமுக்குப் போகிற நடைக்கு வரி வரியாகக் கோடு போட்ட கல். கால் வைத்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். கடையிலிருந்து மூன்று மாதிரிக் கற்களைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அவரை வெறுங்காலோடு ஏற்றி, எது எது என்று பழக்கினார். பிறகு மாற்றி மாற்றி நிற்கவைத்துக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊருக்கெல்லாம் வீடு முழுக்க ஒரே டைல்ஸ் போடச் சொல்லுவீங்க, உங்க வீடு மட்டும் சாம்பிள் ரூமா?" என்று மேஸ்திரி கேலி செய்தார். "நீ பேசாம பூசுப்பா" என்றார் அக்கா.

வேலை முடிந்து, காய்ந்து, கழுவி விட்டாயிற்று. டிரைவரை அழைத்து வந்து நிறுத்தினார். "சொல்லுங்க, எந்த இடம்?"

"ஹால்."

அது படுக்கையறை. அக்கா அவரைத் திருப்பி ஹாலில் நிறுத்தினார். "இது?"

"நடை... இல்ல, பெட்ரூமா?"

டிரைவர் தடவித் தடவிச் சுவரோரமாக உட்கார்ந்தார். "கால் மரத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. கண்ணு போறதையே உன்னால தாங்க முடியல, இதையும் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

"அப்புறம் அன்னிக்கு எப்படி எல்லாத்தையும் சரியா சொன்னீங்க?"

"சத்தம்தான். நீ கீழ வச்ச கல்லு ஒவ்வொண்ணும் கால் வைக்கும்போது ஆடி, ஒவ்வொரு மாதிரி சத்தம் போட்டுச்சு. இன்ஜின் சத்தத்தை வச்சே எந்த நட்டு லூஸுன்னு சொன்னவன் நான், எனக்கா தெரியாது? இப்ப எல்லாம் ஒரே சத்தமா இருக்கு. அன்னிக்கு நீ அவ்வளவு ஆசையா கேட்ட, கால்ல ஒண்ணும் தெரியலைன்னு சொல்ல மனசு வரல."

சும்மா வைத்த கல்லுக்கு ஒரு சத்தம், சிமெண்டில் பதித்த கல்லுக்கு வேறு சத்தம். தட்டிப் பார்த்தே, எங்கே சரியாகப் பதியவில்லை என்று சொல்லிவிடுவார் அக்கா. பத்தொன்பது வருடம் தட்டிய கைக்கு, சொந்த வீட்டு விஷயத்தில் அது உறைக்காமல் போயிற்று. முதலில் கோபம்தான் வந்தது. "ரெண்டு வருஷமா எங்கிட்ட மறைச்சீங்களா? உணர்ச்சி இல்லாத காலை வெறுங்காலா நிக்க வச்சேனே, ஒரு சில்லு குத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?" திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே போய் ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து, குனிந்து, அவர் காலில் மாட்டிவிட்டார்.

மறுநாள் கடையில் ஒரு கூத்து. அக்கா கனத்த செருப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி, கடையில் போட்டுக் காட்டியிருக்கும் தரைகளின் மேலெல்லாம் நடந்தார். கல்லில் நின்றார், பலகையில் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் முதலாளி. வந்தவர்களிடம் "கொஞ்சம் பேசாம இருங்க" என்று அக்கா சொன்னது பத்தொன்பது வருடத்தில் அன்றுதான்.

மேஸ்திரி திரும்பவும் வந்தார். "மறுபடியும் உடைக்கணுமாக்கா?" என்று கேட்கும்போதே அவருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒண்ணையும் உடைக்க வேண்டாம். மேலயே போடு." ஹாலில் கல் அப்படியே இருக்கட்டும், செருப்புக்கு டக் டக் என்று பதில் சொல்லும். படுக்கையறையில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற மரப்பலகை, அடியில் மெத்தென்று ஒரு விரிப்பு மட்டும். ஒட்டாமல் கிடக்கிற பலகை என்பதால் உள்ளே காலியாக இருப்பதுபோல டொப் டொப் என்னும். நடையில் ரப்பர் மாதிரி தடித்த வினைல் விரிப்பு, அது சத்தத்தையே விழுங்கிவிடும். தரை மாறுகிற இடங்களில் கால் தடுக்காமலிருக்கச் சரிவாக ஒரு பட்டை. முடித்துவிட்டு மேஸ்திரி தானே கண்ணை மூடி ஒருமுறை நடந்து பார்த்தார். அதன் பிறகு கேலி செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா ஹாலில் உட்கார்ந்து, போனில் யாருக்கோ சமையலறைத் தரை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டிரைவர் ஒரு டம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். அக்கா சட்டென்று, "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று போனை வைத்தார்.

டக், டக், டக். பிறகு டொப். "ஓ, பெட்ரூமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிரைவர் திரும்பினார். 'இடது பக்கம்' என்று அக்காவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். டக், டக். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நடை. அக்காவின் மனசு கேட்கவில்லை. விழுந்துவிட்டால்? எழுந்து, ஓசைப்படாமல் ஹாலைக் கடந்து, அவருக்கு மூன்று எட்டுப் பின்னால் நடைக்குள் வந்து நின்றார். டிரைவர் பாத்ரூம் கதவைத் துழாவித் திறந்தார், உள்ளே போனார், சாத்தினார். இத்தனை மாதமாக அக்கா வெளியே காவல் நிற்க, சும்மா ஒருக்களித்தே கிடந்த கதவு அது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா அங்கேயே அசையாமல் நின்றார். வரும்போது டிரைவரின் கவனம் வழியில் இருந்தது. இப்போது கல் தரையில் காலை எடுத்து வைத்தால் அந்தக் காதுக்குக் கேட்டுவிடும், பின்னாலேயே வந்தாள் என்று தெரிந்துவிடும். உள்ளே குழாய் திறக்கும்வரை காத்திருந்து, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக ஹாலுக்குத் திரும்பிவந்து, எழுந்ததே தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார்.